மூன்றாவது பொத்தான்

“எழுத்துல குடுங்க சார்.”

சொல்லிவிட்டேன். எந்த இடத்திலும், எவரிடமும், தலையே போனாலும் கேட்கக் கூடாது என்று அம்மா எனக்குச் சொல்லி வைத்திருந்தது இது ஒன்றைத்தான். லீவு கேள், விளக்கம் கேள், வேண்டுமானால் சண்டை போடு. எழுதிக் கொடு என்று மட்டும் கேட்காதே.

மேலாளர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்தார். அவருடைய அறைக்கு மூன்று பக்கமும் கண்ணாடி. உட்கார்ந்த இடத்திலிருந்தே கூடத்தில் இருக்கும் பன்னிரண்டு மேசைகளும் அவருக்குத் தெரியும். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சுருக்கம். யார் எதற்கு வாயைத் திறந்தாலும் “சுருக்கமா” என்பார். பிரசவ வலியோடு லீவு கேட்டவளிடமே அப்படிச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. நான் நம்புகிறேன்.

“எத எழுத்துல?”

“இப்ப நீங்க சொன்னத. நாலாம் மேசை அக்கா விதிய மீறி அனுமதி குடுத்தாங்க, அதனாலதான் நோயாளிங்க விவரம் வெளிய போச்சு, தப்பு அவங்க ஒருத்தங்களோடது. இப்படி அறிக்கை எழுதுன்னு சொன்னீங்கல்ல. எழுதறேன். எழுதச் சொன்னது நீங்கதான்னு ஒரே ஒரு வரி எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

“ஏம்மா, நான் வாயால சொன்னா உனக்குப் போதாதா?”

“போதாது சார். மூணாவது பொத்தான அழுத்தச் சொல்லுன்னு அன்னைக்கும் வாயாலதான் சொன்னீங்க. இன்னைக்கு அந்த வாயக் காணோம்.”

அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

“நாலு மணிக்கு கிளினிக்ல இருந்து பெரிய டாக்டரம்மா வராங்க. மூணரைக்கு அறிக்கை என் மேசைல இருக்கணும். ஒரு பக்கம்.” விரலால் கதவைக் காட்டினார். “சுருக்கமா.”

மணி அப்போது பதினொன்று இருபது.

அம்மா ஒரு விடுதியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிப்பவள். முன்பு இருந்த இடத்தில் ஒன்பது வருடம் தற்காலிகமாகவே மடித்தாள். “அடுத்த மாசம் உன்ன நிரந்தரமாக்கிடறோம்” என்று மேற்பார்வையாளர் ஒரு நாள் சொன்னபோது, “எழுத்துல குடுங்கய்யா” என்று கேட்டுவிட்டாள். அவளுக்கு அந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். எனக்குப் பன்னிரண்டு வயது. பாடப் புத்தகத்தில் உரிமை, கடமை என்று படித்ததையெல்லாம் வீட்டில் வந்து பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். மறுநாள் காலை வாசல் பலகையில் அம்மாவின் வருகை அட்டை இல்லை. பலகையில் அது தொங்கிய கொக்கி மட்டும் இருந்ததாம். எட்டு மாதம் வீட்டில் இருந்தாள். அதற்காக என்னை ஒரு நாளும் திட்டியதில்லை. திட்டித் தீர்த்திருந்தால் நான் இவ்வளவு கோபக்காரியாக வளர்ந்திருக்க மாட்டேன்.

எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. வேலைக்குச் சேர்ந்த அன்று வாய் தவறி இதைச் சொல்லிவிட்டதால் கூடத்தில் எல்லோருக்கும் நான் “டிகிரி”.

கூடத்து வேலை இதுதான். பெரிய டாக்டரம்மாவுக்கு எட்டு கிளினிக்குகள்; இந்தக் கூடமும் அவருடையதுதான். அந்த நோயாளிகள் எங்களுக்குப் போன் செய்வார்கள். “என் ரிசல்ட் வந்துடுச்சா” என்பதுதான் பத்தில் ஏழு பேரின் கேள்வி. நோயாளியின் பெயரும் எண்ணும் ஒரு இணையப் பக்கத்தில் இருக்கும். பரிசோதனை முடிவு லேப்காரர்களின் வேறொரு பக்கத்தில் இருக்கும். இங்கிருந்து ஒன்பது இலக்க எண்ணை எடுத்து அங்கே ஒட்டி, வந்ததைப் படித்துச் சொல்ல வேண்டும். ஒரு இலக்கம் பிசகினால் அடுத்தவருடைய சர்க்கரை இவருக்கு ஏறிவிடும். நானும் முதலில் பன்னிரண்டாம் மேசையில் இந்த வேலையைத்தான் பார்த்தேன். இரண்டே மாதத்தில் வெறுத்துப்போய் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். பிரவுசருக்குள் உட்கார்ந்துகொண்டு, திறந்திருக்கும் பக்கத்தில் நம் விருப்பத்துக்கு ஒன்றைச் சேர்த்துக் காட்டும் சின்ன நிரல். நோயாளியின் பெயருக்கு அருகிலேயே லேப் முடிவு வந்து நிற்கும். வெட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம்.

பிரவுசருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு முகவரியில் திறந்த பக்கம், தன் இஷ்டத்துக்கு இன்னொரு முகவரிக்குப் போய் விவரம் அள்ளிக்கொண்டு வர விடாது. அந்த இன்னொரு முகவரிக்காரர், “இவர் வரலாம்” என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும். லேப் சொல்லவில்லை. சொல்லும்படி நான் அனுப்பிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. என்னைப் போல் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு வேறு ஒரு வாசல் இருக்கிறது. அங்கேயும் காவல் உண்டு. எந்தெந்த முகவரிக்குப் போவேன் என்று ஸ்கிரிப்டின் தலைப்பில் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். எழுதாத முகவரிக்குப் போகப் பார்த்தால், வேலையை நிறுத்திவிட்டு ஒரு மஞ்சள் பெட்டி திரையில் வரும். இந்த ஸ்கிரிப்ட் இந்த முகவரிக்குப் போகப் பார்க்கிறது, விடலாமா என்று உட்கார்ந்திருப்பவரைக் கேட்கும். பொத்தான்கள் நான்கு. இந்த ஒரு முறை மட்டும். இந்த முகவரிக்கு எப்போதும். எந்த முகவரிக்கும் எப்போதும். விடாதே.

நான் லேப்பின் முகவரி ஒன்றை மட்டும் எழுதினேன். எல்லாம் நன்றாகப் போனது. பிறகு லேப்காரர்கள் வாரத்துக்கு ஒரு முகவரி மாற்ற ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பன்னிரண்டு திரையிலும் மஞ்சள் பெட்டி. போனில் நோயாளி காத்திருக்க, “டிகிரி, உன் மஞ்சள் மூஞ்சி வந்துடுச்சு, வா” என்று ஐந்தாம் மேசையிலிருந்து கூப்பாடு வரும். ஏசிக் காற்று நேராக அவள் தலையில் இறங்குவதால் நாள் முழுக்கத் தும்முவாள். அதனால் அவள் பெயர் தும்மல்.

அதற்குத்தான் சீட்டு எழுதினேன். “மஞ்சள் பெட்டி வந்தால் இரண்டாவது பொத்தானை அழுத்தவும்.” சுருக்கத்துக்கு அதுவும் போதவில்லை.

“மூணாவதுன்னு ஒண்ணு இருக்கே, அத அழுத்தினா மறுபடி வராதுல்ல?”

“வராது சார். வேற எதுக்குமே வராது. அத அழுத்துறது கதவப் பேத்துத் தெருவுல போடற மாதிரி.”

“கதவு இருந்தா தட்டுவாங்க, தட்டினா நேரம் போகும். மூணாவதுன்னு எழுது.”

ஒரு நாள் முழுக்க மறுத்தேன். மறுநாள் பன்னிரண்டு சீட்டுகளையும் புதிதாக எழுதினேன். “மூன்றாவது பொத்தானை அழுத்தவும்.” மேலே ஒளிபுகும் டேப் போட்டு, ஒவ்வொரு திரைக்கும் கீழே நானே ஒட்டினேன். பள்ளியில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து சுருக்கம் ஒரு கடிகாரம் கொண்டுவந்தார். அவர் மச்சான் நடத்தும் கம்பெனி செய்தது. ஒரு அழைப்பு எவ்வளவு நேரம் போகிறது என்று திரை மூலையில் ஓடும், மூன்று நிமிடம் தாண்டினால் சிவப்பாகும். அதை என் ஸ்கிரிப்டில் சேர்க்கச் சொன்னார். அதன் நிரலைத் திறந்து பார்த்தேன். பதினோராயிரம் எழுத்து, இடைவெளியே இல்லாமல், ஒரே வரி. படிக்கவில்லை. ஓடுகிறதா என்று பார்த்தேன், ஓடியது. சேர்த்துவிட்டேன். என் தப்புகளில் இது இரண்டாவது.

போன வாரம் ஒரு பெரியவர் போன் செய்தார். யாரோ அவரைக் கூப்பிட்டு, “உங்க சர்க்கரை இருநூத்திப் பதினாலு இருக்கு, எங்க மாத்திரை சாப்பிடுங்க” என்றார்களாம். “அத என் பொண்டாட்டிகிட்டயே நான் சொல்லல. உங்ககிட்ட மட்டும்தான் கேட்டேன்” என்றார். கிளினிக் விசாரித்தது. அந்தப் பெரியவரின் அழைப்பை எடுத்தது நாலாம் மேசை அக்கா. சுருக்கம் அக்காவின் கம்ப்யூட்டரைத் திறந்து, அனுமதிப் பட்டியலில் ‘எந்த முகவரிக்கும்’ என்பதற்கான நட்சத்திரக் குறி இருப்பதைக் கண்டுபிடித்து, கம்ப்யூட்டரையே அணைத்து, ஒயரையும் பிடுங்கிவிட்டார். மற்ற மேசைகளில் பார்க்கவில்லை. அன்று சாயங்காலமே எல்லா மேசைச் சீட்டுகளும் உரிக்கப்பட்டிருந்தன. டேப்பின் பசை மட்டும் திரைக்குக் கீழே தூசி பிடித்துக்கொண்டு இருந்தது.

அறையை விட்டு வெளியே வந்ததும் நேராக நாலாம் மேசைக்குப் போனேன். அணைந்த திரைக்கு முன்னால் அக்கா ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினான்கு வருடம் போன் எடுத்த காது. மேசையில் ஒரு தாள் கிடந்தது. விதிமுறைக்கு மாறாக அனுமதி அளித்தது நான்தான் என்று அச்சடித்து, கீழே கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தது.

“போட்டுட்டீங்களா?”

“இன்னும் இல்ல. பேனா எழுதல.” பேனா நன்றாகத்தான் இருந்தது. “போட்டா என்ன கோப்பு அறைக்கு மாத்திடுவாராம். வேல இருக்குமாம்.”

“எழுத்துல குடுத்தாரா?”

“வாயாலதான்.”

“அக்கா, இதுல கையெழுத்துப் போட்டா உங்கள கோப்பு அறைல இல்ல, வாசல்லயே நிக்க விட மாட்டாங்க. நோயாளி விவரத்த வெளிய விட்டவங்கன்னு பேரு வந்துட்டா வேற எந்த போன் கூடத்துலயும் சேத்துக்க மாட்டாங்க.”

“தெரியும்டி. என் பொண்ணு நர்ஸ் படிப்புல கடைசி வருஷம். ஒரு வருஷம் எனக்கு வேல இருந்தாப் போதும். அவ காலூன்றிட்டா அப்புறம் என்னை எவன் என்ன சொன்னா என்ன.”

“நீங்க செஞ்சது தப்பே இல்லக்கா. சீட்டுல இருந்தபடி அழுத்துனீங்க.”

அக்கா தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்து, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். என் சீட்டு. உரிக்க வந்தவர்களுக்குத் தராமல் வைத்திருந்திருக்கிறார்.

“உண்மையச் சொல்லட்டா? நான் எதையும் ரெண்டு தடவ கேக்காம அழுத்த மாட்டேன். அந்தப் பெட்டி வந்தப்ப, கேக்கலாம்னுதான் நினைச்சேன். அப்புறம் இந்த எழுத்தப் பாத்தேன். அச்சு மாதிரி இருந்துச்சு. இவ்ளோ அழகா எழுதுற பொண்ணு யோசிக்காமலா எழுதியிருக்கும்னு அழுத்திட்டேன்.”

குத்திக்காட்டவில்லை. பாராட்டாகத்தான் சொன்னார். அதுதான் ஆழமாகக் குத்தியது.

சீட்டை வாங்கிக்கொண்டேன். “இந்தத் தாள்ல நான் சொல்றவரைக்கும் கையெழுத்துப் போடாதீங்க.”

“எப்பச் சொல்லுவ?”

“சொல்லவே மாட்டேன்.”

ஐந்தாம் மேசையில் தும்மல் ஒரு பாட்டியிடம் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, பிரவுசர் எந்தெந்த முகவரிக்கு என்னென்ன அனுப்புகிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தேன். அவள் அழைப்பை முடித்தாள். பட்டியலில் புதிதாக ஒரு வரி விழுந்தது. லேப்பும் இல்லை, கிளினிக்கும் இல்லை. மச்சான் கம்பெனியின் முகவரி. கூடவே நோயாளியின் போன் நம்பர், லேப் முடிவு, பேசிய நேரம். கடிகாரம் நேரத்தை மட்டும் எண்ணவில்லை.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?”

“அந்தப் பாட்டிக்கு என்ன ரிசல்ட்?”

“சர்க்கரை முன்னூறாம். ஏன்?”

“நாளைக்கு அவங்களுக்கும் மாத்திர விக்க ஆள் வருவான்.”

ஆறாம் மேசைக்குப் போனேன். ஏழு, எட்டு. எல்லாவற்றிலும் நட்சத்திரம். எல்லாவற்றிலும் அழைப்பு முடியும்போது ஒரு வரி. அந்தக் கூடத்தில் அன்று ஒழுங்காக இருந்த ஒரே கம்ப்யூட்டர், ஒயர் பிடுங்கிக் கிடந்த அக்காவுடையதுதான். மற்ற பதினொன்றும் அந்த நிமிடம்கூட அனுப்பிக்கொண்டிருந்தன.

பன்னிரண்டரைக்குள் பதினொன்றிலும் ஸ்கிரிப்டை அணைத்தேன். அணைத்துவிட்டு, அனுமதிப் பட்டியலிலிருந்து நட்சத்திரத்தையும் ஒவ்வொன்றாக அழித்தேன். அங்கே லேப்பின் இப்போதைய முகவரியை மட்டும் எழுதினேன். கடிகாரத்தை அதன் இடத்திலேயே விட்டேன். மறுபடி எண்ணை வெட்டி ஒட்ட வேண்டும் என்று தெரிந்ததும் கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

“என்ன டிகிரி, பழைய காலத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்ட?”

“மூணரை வரைக்கும்தான். பொறுத்துக்கோங்க.”

“மூணரைக்கு என்ன?”

“உங்க மஞ்சள் மூஞ்சி திரும்ப வரும்.”

சாப்பாட்டு நேரத்தில், படிக்கட்டில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். பின்னால் சலவை எந்திரம் உருண்டுகொண்டிருந்தது.

“அம்மா, கேட்டுட்டேன்.”

அவள் எதை என்று கேட்கவில்லை.

“உனக்குப் புத்தி இருக்கா? ஒண்ணே ஒண்ணுதானடி சொன்னேன்.”

“அவர் எழுதித் தர மாட்டார்மா.”

“எவன் தந்தான்? போய் மன்னிப்புக் கேளு. தெரியாமக் கேட்டுட்டேன்னு சொல்லு. படிச்ச திமிருன்னு நினைச்சு விட்டுடுவான்.”

“முடியாதும்மா.”

“ஏன் முடியாது? உன் வாயில என்ன கொழுக்கட்டையா?”

“நான் எழுதிக் குடுத்த சீட்டாலதான் அந்த அக்கா மாட்டியிருக்காங்க. இந்த விஷயத்துல எழுத்துல இருக்கிறது என்னோடது மட்டும்தான்.”

“அப்ப அத எடுத்து எரி.”

“அம்மா.”

“என்னமோ பண்ணு. ராத்திரி சோறு வைக்கவா, வேணாமா? அத மட்டும் சொல்லு.” நான் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாள். அடுக்கில் விரிப்பு சேர்ந்திருக்கும்.

ஒன்றரை மணிக்கு எழுத உட்கார்ந்தேன். அறிக்கை மூன்று பக்கம் வந்தது. முதல் பக்கத்தில் நடந்தது, தேதி வாரியாக. எதை யார் சொன்னார், எதை நான் செய்தேன், கடிகாரம் யாருடையது, பதினொரு மேசையில் இன்று நான் பார்த்தது என்ன. இரண்டாம் பக்கத்தில் அக்காவின் சீட்டுடைய படம், கீழே ஒரு வரி: “இது என் கையெழுத்து. இதைப் படித்துத்தான் எல்லோரும் அழுத்தினார்கள். இதற்கும், படிக்காமல் கடிகாரத்தைச் சேர்த்ததற்கும் நான் பொறுப்பு.” மூன்றாம் பக்கம் மூன்றே வரி. அதை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது. மூன்று பத்துக்கு டாக்டரம்மாவுக்கு அனுப்பினேன். அவருடைய மின்னஞ்சல் முகவரி எல்லா நோயாளிச் சீட்டிலும் அச்சடித்திருக்கிறது. ஒரு அச்சுப் பிரதியை எடுத்துக்கொண்டேன்.

அக்காவிடம் போய், எல்லா மேசையிலும் ஸ்கிரிப்டை எப்படிப் போடுவது என்று காட்டினேன். ஒரே ஒரு சுவிட்ச்.

“டாக்டரம்மா உள்ள வந்ததும் ஒவ்வொண்ணா போட்டுட்டே போங்க. ஒரு அழைப்பு முடிஞ்சதும் பெட்டி வரும். யாரும் எதையும் தொடக் கூடாது. பழக்கத்துல விரல் மூணாவதுக்குப் போகும். பிடிச்சுக்கச் சொல்லுங்க.”

“தும்மலு தும்முனாலே விரல் அழுத்திடுமேடி.”

“அவ கைய நீங்க பிடிச்சுக்கோங்க.”

அக்கா மேசையில் கிடந்த அந்த அச்சுத் தாளை எடுத்து, என் கையில் கொடுத்தார். கோட்டுக்கு மேலே காலியாகவே இருந்தது.

மூன்றரைக்கு என் மூன்று பக்கத்தையும் சுருக்கத்தின் மேசையில் வைத்தேன். முதல் பக்கத்தைப் பாதி படித்தார். இந்த முறை சிரிக்கவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து என் முன்னால் கவிழ்த்தார். பதினொரு சீட்டு, ஓரங்களில் பசையோடு.

“இது யார் கையெழுத்து?”

“என்னோடது.”

“என் கையெழுத்து எங்கயாவது இருக்கா?”

“இல்ல சார்.”

“எழுத்து எழுத்துன்னு குதிச்சியே. இதோ எழுத்து. இத டாக்டரம்மா முன்னால வச்சா போறது நாலாம் மேசை இல்ல, நீ. உங்க வீட்ல மொதல் டிகிரி. யோசிச்சுப் பாரு. அறிக்கைய மாத்தி எழுதிட்டு வா, இதக் கிழிச்சிடறேன்.”

“ரெண்டாம் பக்கத்தப் பாருங்க சார்.”

புரட்டினார். சீட்டின் படத்தைப் பார்த்தார். கீழே இருந்த வரியை இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன், கண் திரும்பவும் இடப்பக்கம் போனது.

“நீயே எதுக்கு இத…”

“உங்ககிட்ட பதினொண்ணுதான் இருக்கு. பன்னிரண்டாவது என்கிட்ட. டாக்டரம்மாவுக்கு மூணு பத்துக்கே அனுப்பிட்டேன்.”

கதவு திறந்தது. பெரிய டாக்டரம்மா அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார். குட்டையான, நரைத்த பெண்மணி. கையில் போன், போனில் என் முதல் பக்கம்.

“இத எழுதினது யாரு?”

“நான்தாங்க.”

“டாக்டரம்மா, சுருக்கமா சொல்லணும்னா,” என்று சுருக்கம் எழுந்தார், “ஒரே ஒரு மேசைல நடந்த கவனக்குறைவு. அந்த அம்மாவே ஒத்துக்கிட்டு…”

“எத்தன மேசைல போச்சுன்னு இந்தப் பொண்ணு எழுதியிருக்கு?”

“பன்னிரண்டு,” என்றேன். “ஒண்ண சார் நிறுத்தினார். மீதிய நான் இன்னைக்கு மத்தியானம் நிறுத்தினேன்.”

“அதெல்லாம் இது கற்பனையா…” என்று சுருக்கம் ஆரம்பித்தார்.

நான் கண்ணாடி வழியாகக் கூடத்தைப் பார்த்தேன். அக்கா ஐந்தாம் மேசையிலிருந்து ஆறுக்கு, ஆறிலிருந்து ஏழுக்குப் போய்க்கொண்டிருந்தார், அவசரமே இல்லாமல், வீட்டில் விளக்குப் போடுகிறவரைப் போல. தும்மலின் திரை மஞ்சளானது. பிறகு எட்டாம் மேசை. பிறகு வரிசையே இல்லாமல், யார் யாருடைய அழைப்பு முடிகிறதோ அங்கெல்லாம். பெண்கள் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி இரண்டு கையையும் அக்குளில் செருகியிருந்தாள்.

“என்ன அது?” என்றார் டாக்டரம்மா.

“பிரவுசர் கேக்குதுங்க. இந்த ஸ்கிரிப்ட் இந்த முகவரிக்குப் போகப் பாக்குது, விடலாமான்னு. மொதல் நாளே கேட்டிருக்கும். நாங்க முன்னாடியே அதோட வாய அடைச்சு வச்சிருந்தோம். யாராவது விடுன்னு சொல்றவரைக்கும் எதுவும் வெளிய போகாது. நீங்களே போய் முகவரியப் படிங்க.”

அவர் போனார். தும்மலின் தோளுக்கு மேலாகக் குனிந்து, கண்ணாடியை மேலே தூக்கி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். அடுத்த மேசைக்குப் போனார். அதற்கடுத்த மேசைக்கும். பதினொன்றையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது சுருக்கத்திடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இந்தக் கம்பெனி உங்களுக்கு என்ன வேணும்?”

“அது… மச்சான்…” என்றார். அவ்வளவு சுருக்கமாக அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை.

டாக்டரம்மா என்னிடம் திரும்பினார். “நீயும் பொறுப்புதான். தெரியுதா?”

“தெரியும். அதுக்குத்தான் ரெண்டாம் பக்கம்.”

“நாலாம் மேசைல இருக்கிற அம்மா எதுலயும் கையெழுத்துப் போட வேணாம்னு சொல்லிடு.”

அக்காவின் தாளைத் திருப்பி, பின்பக்கத்தை மேலே வைத்து அவர் முன்னால் நீட்டினேன். என் பேனாவையும்.

“அத எழுத்துல குடுங்க டாக்டரம்மா.”

அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். அட்டை இல்லாத அம்மாவின் கொக்கி என் நினைவுக்கு வந்தது. டாக்டரம்மா பேனாவை வாங்கினார். கோழிக் கிறுக்கல். நாலாம் மேசைப் பணியாளர் மீது எந்தத் தவறும் இல்லை, அவர் தொடர்ந்து பணியில் இருப்பார் என்று இரண்டு வரி எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டார்.

“மூணாம் பக்கமும் இருக்குங்க,” என்றேன்.

அவர் போனில் தள்ளிப் பார்த்தார். இன்றோடு வேலையிலிருந்து விலகுகிறேன் என்ற மூன்று வரி.

“இதுக்கு அவசியம் இருக்கா?”

“வாயால மட்டும் வேல சொல்ற இடத்துல இனி என் கையெழுத்து இருக்காது. நான் எழுதினா ஜனங்க நம்பி அழுத்தறாங்க.”

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றினேன். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, நானே கழற்றினேன். சுருக்கத்தின் மேசையில், பதினொரு சீட்டுகளுக்கு மேலே வைத்தேன்.

கூடத்தில் தாளை அக்காவிடம் கொடுத்தேன். படித்தார். மறுபடி படித்தார். கண்ணாடிக் கூட்டில், சீட்டு இருந்த இடத்தில் மடித்து வைத்தார். என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு விட்டார்.

“டிகிரி,” என்று தும்மல் கூப்பிட்டாள். இரண்டு கையும் இன்னும் காற்றில். “எவ்ளோ நேரம்டி இப்படியே உக்காந்திருக்கிறது? எதத்தான் அழுத்தறது?”

“என்ன முகவரி போட்டிருக்கு?”

படித்தாள்.

“உனக்குத் தெரிஞ்ச முகவரியா?”

“எனக்கென்ன தெரியும். எங்க வீட்டு முகவரியே எனக்குச் சரியாத் தெரியாது.”

“தெரியலன்னா நாலாவது.”

டக் டக் என்று கூடம் முழுக்கச் சத்தம் கேட்டது. மஞ்சள் ஒவ்வொன்றாக அணைந்தது.

“அப்ப இனிமே வந்தாலும் நாலாவதா? ஒரு சீட்டுல எழுதி ஒட்டிட்டுப் போடி.”

“எழுத மாட்டேன். வர்றப்ப படி.”

“சரியான திமிரு பிடிச்சவ,” என்று சொல்லிவிட்டுத் தும்மினாள்.

கதவைத் தள்ளினேன். படிக்கட்டில் இறங்கும்போதே அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன். அவளால் எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடியும் என்பதால் இரண்டே வார்த்தை.

சோறு வை.